ஆறு திருடர்கள், ஒரே சாவி

அத்தியாயம் 9

இன்று மாலை நாலு மணிக்கு ஒரு நர்ஸின் லைசென்ஸ் பறிபோகப் போகிறது. பறிக்கலாம் என்று அறிக்கை எழுதிக் கொடுத்தவள் பூதக்கண்ணாடி. அந்த அறிக்கை தப்பு என்று காலை பத்தேகாலுக்கு அவளுக்கே தெரிந்துவிட்டது.

பூதக்கண்ணாடி என்பது ஆபீஸ் வைத்த பெயர். ஊரில் எந்த நோய் கிளம்பினாலும் அது எந்த வாசல் வழியாக நுழைந்தது என்று தேடிப் பிடிப்பதுதான் நகர சுகாதார அலுவலகத்தில் அவளுடைய உத்தியோகம். பதினெட்டு வருடமாகப் பிடிக்கிறாள். ஒரு தடவைகூடத் தவறியதில்லை என்று உள்ளூர ஒரு கர்வம் உண்டு. கர்வம் இருப்பவர்கள் இரண்டாவது தடவை சரிபார்ப்பதில்லை.

இப்போதைய கேஸில் ஐந்து நோயாளிகள். ஐந்து பேருக்கும் சிறுநீரில் கிருமி, குளிர்க்காய்ச்சல். வழக்கமாக நாலு நாளில் தீர்க்கிற மாத்திரைகள் அத்தனையும் அந்தக் கிருமிகளிடம் மண்ணைக் கவ்வின. ஐந்து பேரும் ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் இல்லை. ஐந்து வீட்டுக்கும் பொதுவாக வந்துபோனவள் ஒருத்திதான், வீடு வீடாகப் போய் ஊசி போடுகிற அந்த நர்ஸ். கையும் களவுமாகப் பிடித்த திருப்தியோடு பூதக்கண்ணாடி மூன்று வாரத்துக்கு முன்னால் அவள் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கே நர்ஸை வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள்.

"மேடம், ஆறாவது ஆள் கிடைச்சாச்சு" என்று லேப் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தான் குப்பி. பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். பன்னிரண்டு வருடமாக அவளுக்கு வலது கை. சட்டைப் பை, பேன்ட் பை, மதியச் சாப்பாட்டுப் பை எல்லாவற்றிலும் மாதிரி எடுக்கிற குப்பி வைத்திருப்பதால் அந்தப் பெயர். "பஸ் கண்டக்டர். அதே காய்ச்சல், அதே பிடிவாதம். ஒரு மாத்திரைக்கும் அசையலை."

"நர்ஸ் அவர் வீட்டுக்கு எப்ப போனாங்க?"

"போகவே இல்லை. இவருக்குக் காய்ச்சல் வந்தது போன வாரம். நர்ஸ் மூணு வாரமா வீட்டை விட்டு வெளிய வரலை. நீங்கதான் உட்கார வச்சிருக்கீங்க."

பூதக்கண்ணாடி பேனாவை மூடி வைத்தாள். பிறகு எதற்கு மூடினோம் என்று தெரியாமல் திறந்தாள்.

"இன்னொண்ணும் இருக்கு" என்று குப்பி ஆறு கண்ணாடித் தட்டுகளை வரிசையாகப் பரப்பினான். "கிருமி ஒண்ணா இருந்தாத்தானே ஒரே ஆள் தூக்கிட்டுப் போனான்னு சொல்லலாம்? மூணு பேருக்கு ஒரு ஜாதி, ரெண்டு பேருக்கு வேற, கண்டக்டருக்கு இன்னும் வேற. ஆனா மருந்தை முறிக்கிற வித்தை மட்டும் ஆறுலயும் அச்சு அசலா ஒண்ணுதான். ஆறு திருடன் மேடம். மூணு ஜாதி, ஒண்ணுக்கொண்ணு ஒட்டுமில்லை உறவுமில்லை. எல்லார் மடியிலயும் ஒரே சாவி."

கிருமிகளின் இந்தப் பழக்கம் அவளுக்குத் தெரியாததல்ல. மருந்தை ஏமாற்றும் வித்தை ஒரு குட்டி வளையமாகக் கிருமிக்குள் கிடக்கும். பக்கத்தில் வேறொரு கிருமி வந்து ஒட்டினால், தன் இனமா அயலானா என்று பார்க்காமல், அந்த வளையத்துக்கு ஒரு நகல் எடுத்துக் கையில் கொடுத்துவிடும். வாங்கியவன் இன்னொருவனுக்குக் கொடுப்பான். எல்லாம் தெரிந்தும், ஐந்து பேரில் இரண்டு பேருடைய கிருமி வேறாக இருந்ததை அவள் 'நர்ஸ் இரண்டு வகையும் சுமந்திருக்கலாம்' என்று ஒரு வரியில் சப்பைக்கட்டு கட்டியிருந்தாள். அந்த வரி இப்போது அவளைப் பார்த்துப் பல்லிளித்தது.

"அப்ப திருடனைத் தேடினது தப்பு" என்றாள். "சாவி செய்யற பட்டறையைத் தேடணும். நிறைய கிருமி ஒண்ணா மிதக்கற இடம். மருந்தும் விடாம விழுந்துக்கிட்டே இருக்கற இடம்."

"அதுக்கும் ஒரு துப்பு இருக்கு. இந்தச் சாவி நாலு பூட்டைத் திறக்குது. மூணு பூட்டு இந்தக் காலத்து மருந்து. நாலாவது அந்தப் பழைய மஞ்சள் கேப்சூல்."

"அதை எந்த டாக்டரும் இப்ப எழுதறதில்லையே."

"அதான் நானும் யோசிக்கிறேன். என் கல்யாணத்துக்கு முன்னாடி சாப்பிட்டது. புழக்கத்துலயே இல்லாத பூட்டுக்கு எவன் மெனக்கெட்டு சாவி பண்றான்?"

மணி பத்தே முக்கால். பூதக்கண்ணாடி கைப்பையை எடுத்தாள். அறிக்கையின் நகலையும் எடுத்துக்கொண்டாள். அதைத் தொடவே கூசியது.

*

மருந்துக்கடைக்காரர் பெட்டியைத் திறந்து மஞ்சள் கேப்சூல் அட்டையை மேஜையில் போட்டார். முப்பது வருடக் கடை. யாருக்கு எந்த வியாதி என்பது வியாதிக்காரருக்கு முன்னால் அவருக்குத் தெரியும்.

"இருக்கா? இன்னும் விக்கறீங்களா?" என்றாள் பூதக்கண்ணாடி.

"மனுஷங்களுக்கு இல்லை மேடம். மனுஷங்க யாரும் கேட்டு வரதில்லை."

"பேய் பிசாசுங்களா?" என்றான் குப்பி.

"மீனுக்கு. கண்ணாடித் தொட்டியில அலங்கார மீன் வளர்க்கறாங்கல்ல, அதுக்கு வால் அழுகிச்சுன்னா இதை உடைச்சு தண்ணியில தூவுவாங்க. சில பேர் வியாதி வர்றதுக்கு முன்னாடியே தூவுவாங்க. ஒரு அம்மா வாரம் தவறாம வந்து ஒரு அட்டை வாங்கிட்டுப் போறாங்க."

"யாரு அவங்க?"

"பேர் தெரியாது. மீன் எப்படி இருக்குன்னு விசாரிப்பேன். நல்லா இருக்குன்னுவாங்க. அவ்வளவுதான் எங்க பழக்கம்."

டாக்டர் சீட்டு இல்லாமல் விற்றதற்கு இரண்டு வார்த்தை சொல்ல வாயெடுத்தாள். எந்த முகத்தோடு சொல்வது? வெளியே வந்தாள்.

"பட்டறை ஒரு மீன் தொட்டி" என்றான் குப்பி ஸ்கூட்டரைக் கிளப்பியபடி. "ஆனா கண்டக்டர் ஏன் மேடம் மீன் தொட்டித் தண்ணியைக் குடிக்கப் போறாரு? அவ்வளவு குறைஞ்ச சம்பளமா?"

*

கண்டக்டர் கட்டிலில் இரண்டு போர்வைக்குள் இருந்தார். அவர் மனைவி அடுப்பங்கரை வாசலில் நின்றுகொண்டு, கணவர் சொல்கிற ஒவ்வொரு பதிலையும் திருத்திக்கொண்டிருந்தாள்.

பூதக்கண்ணாடி தன் படிவத்தை எடுத்தாள். 'கடந்த மூன்று மாதத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா?' என்பது முதல் கேள்வி. இல்லை என்றார் கண்டக்டர். 'வீட்டுக்கு யார் யார் வந்து போகிறார்கள்?' என்பது இரண்டாவது. எப்போதிலிருந்து வருகிறார்கள் என்று ஒரு கட்டம் இல்லை. படிவத்தைத் தயாரித்தது அவள்தான். மாத்திரை கேட்காமல் போனதால்தான் டாக்டர் ஊசி எழுதினார், ஊசி எழுதியதால்தான் நர்ஸ் வந்தாள். நோய் முன்னால், நர்ஸ் பின்னால். முதல் நோயாளியான தையல்காரர் வீட்டுக்கு மட்டும் அவள் ஒரு வருடமாகச் சிறுநீர்க் குழாய் மாற்றப் போய்வந்தாள். அந்த ஒரு வீட்டை வைத்துக்கொண்டு மற்ற நாலு வீட்டுக்கும் கோடு கிழித்தாயிற்று. மழை பெய்கிற வீட்டிலெல்லாம் குடை இருந்தது என்று, குடைதான் மழையைக் கொண்டுவந்தது என எழுதியிருக்கிறாள்.

படிவத்தை மடித்துப் பைக்குள் போட்டாள். தண்ணீரோடு வயிற்றுக்குள் போகிற கிருமிதான் பிறகு சிறுநீருக்கு இறங்கும்.

"வீட்டுக்கு வெளிய எங்கெல்லாம் தண்ணி குடிப்பீங்க?" என்று கேட்டாள்.

"குடிக்கவே மாட்டேன் மேடம். ஊர் தண்ணி எனக்கு ஒத்துக்காது. பாட்டில் எடுத்துட்டுப் போயிடுவேன்."

"குடிச்சாரு" என்றாள் மனைவி. "அன்னைக்கு குடம் குடமா குடிச்சேன்னு நீங்கதானே வந்து சொன்னீங்க."

"அது ஸ்கேன் எடுக்கறப்ப. அதை ஏன் இதுல சேர்க்கறே?"

"ஸ்கேனா?" என்றாள் பூதக்கண்ணாடி. "ஆஸ்பத்திரிக்குப் போகலைன்னு சொன்னீங்களே."

"அது ஆஸ்பத்திரி இல்லையே. ஸ்கேன் சென்டர். கல் இருக்கான்னு பார்க்கணும், வயிறு முட்ட தண்ணி குடிச்சாத்தான் தெரியும்னு ஆறு டம்ளர் குடிக்க வச்சாங்க. என் பாட்டில் ரெண்டாவது டம்ளருக்கே காலி. மிச்சம் அவங்க தண்ணி." கண்டக்டர் சற்று யோசித்தார். "நல்ல இடம் மேடம். உட்கார்ந்து குடிக்கறப்ப பொழுது போறதுக்கு மீனெல்லாம் விட்டிருக்காங்க."

குப்பி மெல்ல அவள் முகத்தைப் பார்த்தான்.

மீன் விட்டிருக்கிற ஸ்கேன் சென்டர் அந்த ஊரில் ஒன்றுதான். அதை நடத்துவது அவளுடைய கூடப்பிறந்த தங்கச்சி.

மாடிப்படியில் இறங்கும்போதே மற்றவர்களுக்கு போன் போட்டாள். ஐந்து வீட்டிலும் அதே பதில்தான். ஆமாம், ஸ்கேன் எடுத்தோம். நீங்கள் ஆஸ்பத்திரியைப் பற்றித்தானே கேட்டீர்கள்? தையல்காரர் வீட்டில் அவர் மனைவி எடுத்தாள். ஸ்கேன் எடுத்ததைச் சொன்னாள். வேறு ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். பூதக்கண்ணாடிக்கு அவசரம், வைத்துவிட்டாள்.

*

சென்டரில் மணி ஒன்றரை. நாற்காலியில் நாலு பேர் டம்ளரும் கையுமாக உட்கார்ந்து, கடமையே கண்ணாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள். தங்கச்சி உள்ளே ஸ்கேன் அறையில் இருந்தாள். வரவேற்பு மேஜைக்குப் பக்கத்தில் தண்ணீர் கேன். அதன் பக்கத்தில், ஒரு முழம் தள்ளி, தொட்டி. உள்ளே ஒன்பது தங்க மீன்கள். தண்ணீரில் லேசாக மஞ்சள் ஓடியிருந்தது. இத்தனை நாள் அதை விளக்கு வெளிச்சம் என்று அவள் நினைத்திருந்தாள்.

"நான் போய் நோயாளி மாதிரி உட்கார்றேன்" என்று குப்பி கிசுகிசுத்தான். "நீங்க தங்கச்சியைப் பார்க்க வந்த அக்கா மாதிரி இருங்க. ரொம்ப நடிக்க வேண்டாம்."

வரவேற்பிலிருந்த நடுத்தர வயது அம்மாள் அவனிடமும் டம்ளரைக் கொடுத்தாள். "ஆறு டம்ளர். மெதுவா குடிங்க. போகணும்போல இருந்தாலும் அடக்கணும்."

அவன் முதல் டம்ளரை முடித்தான். இரண்டாவதைப் பாதி முடித்தான். அப்போதுதான் அந்த அம்மாள் கேனுக்கு அடியிலிருந்த பிளாஸ்டிக் ஜக்கை எடுத்தாள். டம்ளர்களுக்குத் தண்ணீர் ஊற்றிய அதே ஜக். அதைத் தொட்டிக்குள் முக்கி, பழைய தண்ணீரை ஒரு வாளியில் இறைத்தாள். ஐந்து ஜக் இறைத்தாள். மேஜை டிராயரிலிருந்து மஞ்சள் கேப்சூல் இரண்டை எடுத்து, உறையைப் பிரித்து, பொடியைத் தொட்டியில் தூவினாள். பிறகு ஜக்கைக் குழாயில் ஒரு அலசு அலசிக் கேனுக்கு அடியில் வைத்தாள். எல்லாம் வெகு சுத்தமாக, பொறுப்பாகச் செய்தாள். ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை.

அடுத்து வந்தவருக்கு அந்த ஜக்கில் தண்ணீர் பிடித்து நீட்டினாள்.

பூதக்கண்ணாடி பாய்ந்து போய் டம்ளரை வாங்கினாள். குப்பி தன் டம்ளரையே முறைத்துக்கொண்டிருந்தான்.

"மேடம்" என்றான். "நான் இப்ப சாட்சியா, தடயமா?"

அவள் நாலு பேர் கையிலிருந்த டம்ளரையும் வாங்கிக் கீழே வைத்தாள். குப்பி பையிலிருந்து குப்பிகளை எடுத்துத் தொட்டி, ஜக், டம்ளர் என்று வரிசையாக மாதிரி எடுத்தான்.

சத்தம் கேட்டுத் தங்கச்சி வெளியே வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த மஞ்சள் கேப்சூலை யாரு உனக்குச் சொன்னது?" என்றாள் பூதக்கண்ணாடி. குரலை அதிகாரியாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள். "எந்த மீன் கடைக்காரன்? பேரைச் சொல்லு. அவன் எத்தனை வீட்டுக்குச் சொல்லியிருக்கானோ."

தங்கச்சி அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை. ஆச்சரியம்தான்.

"நீதானேக்கா சொன்னே."

"நானா?"

"போன வருஷம். மீனுக்கு வால் அழுகுது, என்ன பண்றதுன்னு போன் பண்ணினேன். நீ ஏதோ மீட்டிங்ல இருந்தே. மஞ்சள் கேப்சூல் ரெண்டை உடைச்சுப் போடு, சரியாயிடும்னே. போட்டேன். சரியாச்சு."

"ஒரு தடவை போடச் சொல்லியிருப்பேன். வாரா வாரமா போடச் சொன்னேன்?"

"நிறுத்தச் சொல்லலையே. அக்கா சொன்னது, அவளுக்குத் தெரியாததான்னு போட்டுக்கிட்டே இருந்தேன். வாங்கிட்டு வர்றதுக்கு இவங்களை அனுப்புவேன்." வரவேற்பு அம்மாளைக் காட்டினாள். அந்த அம்மாள் ஜக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அழத் தயாராக நின்றாள்.

அந்த போன் பூதக்கண்ணாடிக்கு ஞாபகம் வந்தது. காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, யாரோ நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டபடி, சொன்னாள். இருபது விநாடி இருக்கும். மருந்தை வீணாக வாரி இறைக்காதீர்கள் என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பேசுகிறவள் அவள். தங்கச்சிக்கு இருபது விநாடிக்கு மேல் ஒதுக்க முடியவில்லை.

"சென்டரை மூடிடுவாங்களாக்கா?"

"கொஞ்ச நாளைக்கு."

"மூடட்டும். ஆனா எழுதறப்ப நான் பாட்டுக்கு எங்கிருந்தோ பிடிச்சு மருந்து போட்டேன்னு எழுதிடாதே" என்றாள் தங்கச்சி.

*

விசாரணை அலுவலக வாசலில் குப்பி வண்டியை நிறுத்தினான்.

"மேடம், ஜக்கும் தொட்டியும் போதும். லேப் முடிவு வர மூணு நாள் ஆகும். ஆனா கண்டக்டர் ஒருத்தரே நர்ஸைக் காப்பாத்த போதும். போன்ல சொன்னது உங்க வீட்டு விஷயம். அதை எழுதலைன்னா யாருக்கும் தெரியப் போறதில்லை."

"எனக்கு நல்லதுன்னுதான் சொல்றே."

"ஆமா."

"அந்த நர்ஸைப் பத்தி எழுதறப்ப ஒரு வரிகூட விடலை குப்பி. கை கழுவற சோப்பு என்னன்னுகூட எழுதினேன்."

நாலு மணிக்கு மூன்று பேர் கொண்ட குழுவின் முன் நின்று, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். படிவத்தில் இல்லாத கட்டம், ஒரு வரிச் சப்பைக்கட்டு, ஸ்கேன் சென்டர், தங்கச்சி, இருபது விநாடி போன். குழுத் தலைவர் இரண்டு தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அறிக்கையைத் திரும்பப் பெற்றாள். நர்ஸை அன்றே வேலையில் சேரச் சொன்னார்கள். பூதக்கண்ணாடிமேல் தனி விசாரணை என்று எழுதிக்கொண்டார்கள். அதில் அவளுக்கு ஒரு சின்ன நிம்மதிகூட வந்தது. தண்டனை கிடைத்தால் கணக்குத் தீர்ந்தது என்று மனசு அவசரப்பட்டது.

வராந்தாவில் நர்ஸ் நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயது. மூன்று வாரத்தில் முகம் பாதியாகியிருந்தது.

"சிஸ்டர், என்னை மன்னிச்சுடுங்க" என்றாள் பூதக்கண்ணாடி.

நர்ஸ் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. "தையல்காரருக்கு யாரு குழாய் மாத்தறா?" என்று கேட்டாள்.

"வேற நர்ஸ் அனுப்பியிருப்பாங்களே."

"அனுப்பினாங்களா? நீங்க பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. மதியம் அந்த வீட்டம்மா போனில் ஏதோ சொல்ல வந்தாள். அதைத்தான் பூதக்கண்ணாடி கேட்காமல் போனை வைத்தாள்.

*

மாடிப்படி குறுகலானது. நர்ஸ் முன்னால், பூதக்கண்ணாடி பின்னால், கடைசியில் குப்பி. கதவைப் பாதி திறந்த தையல்காரர் மனைவி நர்ஸைப் பார்த்ததும் குறுக்கே கையை வைத்தாள்.

"நீ வராதே. உன்னாலதான் இவருக்கு வந்ததுன்னு ஆபீஸ்ல சொன்னாங்க."

உள்ளேயிருந்து ஒரு முனகல் கேட்டது. நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

பூதக்கண்ணாடி ஒரு படி மேலே ஏறினாள். "அம்மா, அது தப்பு. இவங்களால வரலை. இவங்கமேல பழி போட்டது நான்தான். நான் சரியா பார்க்கலை."

அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப இருபத்தோரு நாளா இவர் ஊசியும் இல்லாம, குழாய் மாத்தவும் ஆள் இல்லாம கிடந்தாரே. ஆபீஸுக்கு தினம் போன் பண்ணினேன். இன்னைக்குக் காய்ச்சல்ல ஆளையே அடையாளம் தெரியலை. அதுக்கு யாரு காரணம்?"

மீன் தொட்டி வாயில் வந்தது. ஜக் வந்தது. மாற்று நர்ஸை அனுப்பாத ஆபீஸ் வந்தது. ஒன்றையும் சொல்லவில்லை.

"நான்தாம்மா."

குறுக்கே இருந்த கை இறங்கியது. நர்ஸ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடினாள். "வண்டிக்குச் சொல்லுங்க, இவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்" என்று அவள் குரல் கேட்டது. குப்பி போனை எடுத்துக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கினான்.

பூதக்கண்ணாடியும் செருப்பைக் கழற்றினாள். ஏதாவது பிடித்துக்கொள்ளலாம், தூக்கி உதவலாம் என்று ஒரு காலை உள்ளே எடுத்து வைத்தாள்.

"நீங்க வேண்டாம்" என்றாள் தையல்காரர் மனைவி.

கதவு சாத்திக்கொண்டது. பதினெட்டு வருடத்தில் எந்த வீட்டிலும் அவளை வாசலில் நிறுத்தியதில்லை. செருப்பைப் போட்டுக்கொள்ளத் தோன்றாமல் அங்கேயே நின்றாள். கதவுக்குப் பின்னால் நர்ஸ் தையல்காரரைப் பெரியவரே, பெரியவரே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் பதில் சொல்கிறாரா என்று பூதக்கண்ணாடி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள்.